வழக்கறிஞர் தூங்கினால் நாமும் தூங்குவதா?

விபத்து என்றால் நம் தோட்ட மக்கள் வழக்கறிஞரை மலைபோல் நம்புகிறார்கள். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஐயா பாத்துக்குவாரு" என்று லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வருடங்கள் ஓடுகின்றன. கேட்கப் போனால், "அடுத்த வாரம் வாங்க" என்பதே பதில்.

இதில்தான் ஆபத்து. தீபகற்ப மலேசியாவில் சாலை விபத்தில் காயம்பட்டவர் பொதுவாக 6 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உயிர் போயிருந்தால், குடும்பத்தார் கேட்கும் இழப்பீட்டுக்கு 3 ஆண்டுதான் கெடு. அது தாண்டினால் அனாதையான பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

கட்சிக்காரரைக் கைவிடும் வழக்கறிஞர் சட்டத்துக்கு மேற்பட்டவர் அல்லர். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி அமைந்த ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம். குற்றம் உறுதியானால் கண்டனம், அபராதம், 5 ஆண்டு வரை தொழில் தடை, ஏன், பெயர் நீக்கமே உண்டு.

ஆனால் வாரியத்தின் தண்டனை, கெடு தாண்டிய வழக்கை உயிர்ப்பிக்காது. ஆகவே கெடு தீருமுன்பே கேளுங்கள். வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரசீது, கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். "படிச்சவர எப்படிக் கேக்குறது" என்ற கூச்சம் வேண்டாம். கேட்பது நமது உரிமை!