கண்டுபிடித்தவர் யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பம்பு செட்டும் மோட்டாரும் கிரைண்டரும் பெருகிய ஊர் நம் கோவை. அவற்றைத் திருத்தும் யோசனைகள் லேத் பட்டறைகளில்தான் பிறக்கின்றன. ஆனால் "இது யார் கண்டுபிடிப்பு?" என்று கேட்டால், பெரும்பாலும் முதலாளியின் பெயரே விடையாக வருகிறது. இது முறைதானா?

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடம் உரிமை எழுதி வாங்கியவரோ விண்ணப்பிக்கலாம். அயல்நாட்டுக் கண்டுபிடிப்பை இங்கே முதலில் இறக்குமதி செய்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். முதல் போட்டதனால் மட்டும் ஒருவர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட முடியாதென்பது பழைய மைசூர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு. உரிமையை விற்றுவிட்டவரும்கூடத் தம் பெயரைக் காப்புரிமையில் குறிக்கும்படி 28ஆம் பிரிவின்கீழ்க் கேட்கலாம். அதனால் பணம் வராது, பெயர் நிலைக்கும்.

பெயர் என்ன அவ்வளவு பெரிதா? 1937ல் பீளமேட்டில் மின்மோட்டார் உற்பத்தியானதைச் சொல்லும்போது ஜி.டி. நாயுடுவை நினைக்கிறோம். அதை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட டி. பாலசுந்தரம் நாயுடுவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தொழிலதிபர்களுக்கே இந்த நிலை என்றால், பட்டறைத் தொழிலாளியின் கதி என்ன?

"கூலியும் கருவியும் கொடுத்தவர் முதலாளி, நட்டம் வந்தாலும் அவருக்கே" என்பர் சிலர். உண்மைதான். அதற்காகத்தான் இலாபமும் உரிமையும் அவரைச் சேர்கின்றன. கொடுத்த வரைபடத்தின்படி இரும்பைக் கடைபவர் எல்லாரும் கண்டுபிடிப்பாளர் என்றும் நான் சொல்லவில்லை, அது கைத்திறன். ஆனால் வரைபடம் பொய்த்துப்போன இடத்தில் புதுவழி கண்டவர் தொழிலாளி என்றால், அந்தப் பெயரை மறைப்பது நீதியாகாது.

கணிப்பொறியைக் கண்டுபிடிப்பாளராக ஏற்க முடியாது, மனிதரே கண்டுபிடிப்பாளர் என்று 2023ல் பிரிட்டனின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்திரத்தின் பெயருக்கே வழக்காடும் காலத்தில், எந்திரத்தின் முன் நிற்கும் மனிதனின் பெயருக்கு வாதாட ஆளில்லையா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கை அறிந்ததை ஏட்டில் எழுத அறியாதவர்கள் எம் பெரியவர்கள். இங்கே படிக்கும் பலரின் வீட்டிலும் இதே நிலைதான். ஆகவே தோழர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிச் செல்லுங்கள். உங்கள் வீட்டார் பட்டறையில் செய்த மாற்றம் என்ன, எந்த நாளில் செய்தார், யார் உடனிருந்தார் என்று எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நாளை யார் கண்டுபிடித்தார் என்ற கேள்வி எழும்போது, அந்தப் பக்கமே அவருக்குச் சாட்சி சொல்லும்.