முதலில் பெயர், பிறகு பழி

கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில், வரப்போரமாக எலியைக் குறிவைத்துப் பதுங்கி நிற்கும் காட்டுப்பூனையைப் பார்த்திருப்பீர்கள். வயலோரச் சாலையில் வண்டியில் அடிபட்டு அது செத்துக் கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள். நாற்றம் எடுப்பதற்குள் யாராவது குழி வெட்டி மூடிவிடுவார்கள். அதன் உடலில் இருந்த ஒட்டுண்ணிகள் எவை என்ற தகவலும் அந்தக் குழிக்குள் போய்விடுகிறது. அந்தத் தகவல் காட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் ஆட்டுக் கொட்டிலுக்கும் வேண்டியது.

1908-ல் பேட்டன் என்ற ஆய்வாளர் இந்தியாவில் ஒரு வீட்டுப்பூனையின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். இன்று அதற்கு ஹெப்படோசூன் ஃபெலிஸ் என்று பெயர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் நம் நாட்டுச் சிங்கம், புலி, சிறுத்தைகளிலும் இந்த ஒட்டுண்ணி இருப்பதை மரபணுச் சோதனையில் உறுதி செய்தார்கள். அந்த ஆய்வு 2012-ல் வெளியானது. வீட்டுப்பூனைக்கும் காட்டுப்புலிக்கும் நடுவே வேலி ஏதும் இல்லை என்பதை அது காட்டியது.

2017-ல் போஸ்னியா-ஹெர்சகோவினா நாட்டுக் காட்டுப்பூனைகளை ஆராய்ந்தவர்கள், இதே குடும்பத்தில் புதிய இனம் ஒன்றைக் கண்டு ஹெப்படோசூன் சில்வெஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே, சுவிட்சர்லாந்தில் ஒரு வீட்டுப்பூனை அந்த ஒட்டுண்ணியால் இறந்தது என்ற ஆய்வறிக்கை வந்தது. அதற்குள் பெயர் வைத்திருந்ததால்தான் சாவுக்கான காரணத்தைச் சொல்ல முடிந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உங்கள் நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குலைநோயும் செம்புள்ளி நோயும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும். தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் பெருகும். சத்துக் குறைந்த மண்ணில் செம்புள்ளி பெருகும். ஆள் தெரியாமல் யூரியாவைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுண்ணியும் அப்படித்தான். ஒன்று பூனையோடு நின்றுவிடும். இன்னொன்று ஆட்டுக்கு வரும்.

ஆட்டுக்கு வருவதில் முக்கியமானது டாக்ஸோபிளாஸ்மா. இதன் முட்டை போன்ற கூடுகள் பூனைக் குடும்பத்து விலங்குகளின் எச்சத்தில் மட்டுமே வெளியேறும். ஈர மண்ணில் அவை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். தீவனத்தோடு அவற்றைத் தின்னும் சினை ஆடு கரு கலைக்கலாம். ஆனால், தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை போன்ற மலையடி ஊர்களில் ஆடு கரு கலைத்தால் உடனே காட்டுப்பூனையின் மேல் பழி போடுவது சரியல்ல. வைக்கோல் படப்பில் குட்டி போடும் வீட்டுப்பூனையும் இதே கூடுகளை வெளியேற்றும். புருசெல்லா போன்ற வேறு கிருமிகளாலும் கரு கலையும். சோதிக்காமல் காரணம் தெரியாது.

பழியைப் போட்டுவிட்டுப் பொறியோ விஷமோ வைத்தால் நட்டம் நமக்குத்தான். ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வு, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை தின்னும் என்று கணக்கிட்டது. கூலி கேட்காமல் இரவெல்லாம் வயலைக் காக்கும் ஆள் அது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும் ஆகும்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை இவை. அடர்தீவனத்தை மூடிய தொட்டியில் வையுங்கள். படப்பிலும் தீவன அறையிலும் பூனை படுக்க விடாதீர்கள். ஆடு கரு கலைத்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், அல்லது 1962 எண்ணுக்குப் பேசுங்கள். கலைந்த கருவை, சோதனைக்கு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகு ஆழமாகப் புதையுங்கள். காட்டுப்பூனையோ, சிறுத்தைப் பூனையோ, துரும்பன் பூனையோ செத்துக் கிடந்தால் தொடவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தகவல் வந்த பிறகு நடக்க வேண்டியது அரசின் பொறுப்பு. வனத்துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து உடற்கூறாய்வு செய்து, இரத்தம், திசு, எச்சம், உண்ணி ஆகியவற்றின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இந்த மாவட்டத்தில் வழக்கமாக வேண்டும். முடிவு கோப்பில் தூங்காமல், தகவல் கொடுத்த விவசாயிக்கும் அந்த ஊர் விரிவாக்கப் பணியாளருக்கும் வந்து சேர வேண்டும். 2018-ல் கிர் காட்டில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸும், உண்ணி பரப்பும் பபேசியா என்ற ஒட்டுண்ணியும் அவற்றில் கண்டறியப்பட்டன. சாவு குவிந்த பிறகு தேடுவதைவிட, ஒரு பூனை செத்தபோதே தேடுவது எளிது.

அடுத்த முறை சாலையோரத்தில் ஒரு காட்டுப்பூனை கிடந்தால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் தொலைபேசியை எடுங்கள்.