மூணாவது பின்னை வெட்டாதீங்க சாமி!

ஆம்ப்ளிஃபையர்ல "ம்ம்ம்ம்..."னு ஒரு இரைச்சல் வருதுன்னு யார்கிட்ட போய்ச் சொன்னாலும், நம்மூர்ல கிடைக்கிற முதல் வைத்தியம் ஒண்ணுதான். "எர்த் பின்னை வெட்டி விட்ருங்க, போயிடும்." கடைக்காரர் சொல்வார், எலக்ட்ரீஷியன் சொல்வார், பக்கத்து வீட்ல ஈசிஈ படிச்ச பையனும் சொல்வான். கொடுமை என்னன்னா, வெட்டினா நிஜமாவே போயிடும். அதனாலதான் இந்த வைத்தியம் இத்தனை வருஷமா உயிரோட இருக்கு. வெட்டினவரும் அப்படியே இருப்பாரான்னுதான் என் கவலை :-(

கொஞ்சம் டெக்னிக்கலா பேசிடறேன், கொட்டாவி விடாம படிங்க. நம்ம வீட்டுக்கு வர்ற மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர்ல கேக்கற அந்த அடித்தொண்டை "ம்ம்ம்" இந்த 50 ஹெர்ட்ஸ்தான். எப்படி உள்ள நுழையுதுன்னா, ஆடியோவுக்குப் போடற ஆர்சிஏ கேபிள்ல இருக்கறது ரெண்டே கம்பி. நடுவுல சிக்னல், சுத்தி ஒரு வலை. அந்த வலைதான் சிக்னல் திரும்பி வர்ற வழி, அதுவேதான் ரெண்டு பெட்டியோட கிரவுண்டையும் சேர்க்கற பாலம். இப்ப ஆம்ப்ளிஃபையர் ஒரு வழியா எர்த்துக்குப் போகுது, செட்டாப் பாக்ஸ் இன்னொரு வழியா போகுதுன்னா, எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வளையம் ஆகிடும். அந்த வளையத்துல கொஞ்சூண்டு கரண்ட் ஓடும். ஆடியோ சிக்னலே சுமார் 0.3 வோல்ட்தான். அதுல ஒரு மில்லிவோல்ட் கலந்தாலே போதும், ராத்திரி அமைதியா பாட்டு கேக்கறப்ப பின்னாடி யாரோ ஓசியில சுருதிப்பெட்டி போட்ட மாதிரி இருக்கும்.

எர்த் பின்னை வெட்டினா வளையம் அறுந்துடுது, சத்தம் நின்னுடுது. சரி, அந்த பின் அங்க எதுக்கு இருந்துச்சு? நம்ம மூணு பின் பிளக்கைக் கையில எடுத்துப் பாருங்க. மேல இருக்கறது மத்த ரெண்டையும் விடத் தடியா, நீளமா இருக்கும். சொருகும்போது அது முதல்ல தொடணும், பிடுங்கும்போது கடைசியா விடணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க. உள்ள ஒரு ஃபேஸ் ஒயர் பிரிஞ்சு இரும்புப் பெட்டியில பட்டுச்சுன்னா, எர்த் வழியா ஏகப்பட்ட கரண்ட் பாஞ்சு ஃபியூஸ் போகும், இல்ல எம்சிபி விழும். எர்த் இல்லன்னா ஒண்ணுமே ஆகாது. பெட்டி முழுக்க 230 வோல்ட்டோட, ஆம்ப் பாட்டுக்கு சமர்த்தா பாடிக்கிட்டிருக்கும், யாராவது தொடற வரைக்கும். ஆர்சிஏ வலை வழியா அது மத்த பெட்டிகளுக்கும் போகும்ங்கறது கூடுதல் போனஸ்.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. 'யார்ட்பேர்ட்ஸ்' இசைக்குழுவோட பாடகர் கீத் ரெல்ஃப் 1976ல இங்கிலாந்துல தன் வீட்லயே, சரியா எர்த் ஆகாத எலக்ட்ரிக் கிட்டாரால ஷாக் அடிச்சு இறந்தார். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1972ல, 'ஸ்டோன் த குரோஸ்' குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி ஸ்வான்சீ நகர மேடையில மைக்கைத் தொட்டு அதே மாதிரி போனார். தினமும் ஒயரோட புழங்கினவங்களுக்கே இந்தக் கதி.

போன மாசம் வேளச்சேரியில ஒரு நண்பன் வீட்ல இதே பிரச்சனை. வந்த எலக்ட்ரீஷியன் ரெண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுட்டு கட்டிங் பிளேயரை எடுத்துட்டார். நண்பனோட ரெண்டு வயசுப் பொண்ணு அந்த ஆம்ப்போட வால்யூம் குமிழைத்தான் நாள் பூரா திருகிக்கிட்டிருப்பா. "அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சொல்லி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, ஆம்ப் பின்னாடி இருந்த ஆர்சிஏ எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி போட்டேன். அமைதி. ஒவ்வொண்ணா சொருகிக்கிட்டே வந்தா, செட்டாப் பாக்ஸ் வந்ததும் "ம்ம்ம்". அதுக்குப் பின்னாடி வர்ற கேபிள் டிவி ஒயரைக் கழட்டினதும் கப்சிப்!

"அட, கேபிள்காரன் வேலையா தம்பி இது?"ன்னார் அண்ணன்.

அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். மொட்டை மாடி மொட்டை மாடியா தாண்டி வர்ற அந்த ஒயரோட வெளிவலை எங்கெங்கயோ கிரவுண்டைத் தொட்டுட்டு வருது. வளையம் அங்கதான். அப்ப அறுக்க வேண்டியதும் அங்கதான், சிக்னல் போற பக்கத்துல. சில நூறு ரூபாய்க்கு ஆடியோ ஐசொலேட்டர்னு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச டப்பா கிடைக்குது. ரொம்ப மலிவானதை வாங்கினா பேஸ் கொஞ்சம் அடிபடும், பரவால்ல. டிவியில ஆப்டிக்கல் அவுட் இருந்தா இன்னும் நல்லது, வெளிச்சத்துல எந்தக் கரண்ட் போகப் போகுது! லேப்டாப்னா சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, சத்தம் போச்சுன்னா சார்ஜர் வழியா வளையம். எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகினாலே பாதிப் பேருக்கு சரியாகிடும், செலவே கிடையாது. தங்க முலாம் பூசின பவர் கேபிளை ஆயிரக்கணக்குல விக்கறாங்களே, இந்த வியாதிக்கு அது திருநீறு கூட இல்ல.

(ரெண்டு பின்னோடயே வர்ற சாமான்கள் வேற. பின்னாடி சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருந்தா, எர்த் தேவையில்லாத மாதிரி இரட்டை இன்சுலேஷனோட செஞ்சதுன்னு அர்த்தம். பயப்பட வேண்டாம்.)

இன்னொரு மேட்டர்தான் என்னை ரொம்ப உறுத்துது. பல பழைய வாடகை வீடுகள்ல வெட்டறதுக்கு எர்த்தே கிடையாது. சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒயர் இருக்காது. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டா சுருசுருங்கும், ஸ்பீக்கரும் இரையும். சில மகானுபாவர்கள் இதுக்கு நியூட்ரலை எடுத்து எர்த் ஓட்டையில கட்டி விட்டிருப்பாங்க. டெஸ்ட் பண்ணா பல்பு எரியும், எல்லாம் சரின்னு தோணும். என்னைக்காவது நியூட்ரல் ஒயர் அறுந்துச்சுன்னா, அந்த ஓட்டையில சொருகின ஒவ்வொரு இரும்புப் பெட்டியிலயும் ஃபேஸ் வந்து உக்காந்துடும். எர்த் வேணும்னு ஹவுஸ் ஓனரைக் கேட்டா "முன்ன இருந்தவங்க கேக்கலியே"ம்பார். பரவால்ல, கேளுங்க. அதோட 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு போடச் சொல்லுங்க. எர்த்தே இல்லாத வீட்லயும், கரண்ட் ஆள் வழியா கசிஞ்சா அது விழுந்துடும். ஹோம் தியேட்டருக்குக் கொடுக்கற காசுல அது ஒரு மூலைக்குக் கூட வராது.

வேளச்சேரியில ஐசொலேட்டர் போட்டாச்சு. இன்னும் லேசா ஒரு "ஜ்ஜ்ஜ்" இருக்கு, வால்யூமைக் குறைச்சாலும் குறையல. அது 100 ஹெர்ட்ஸ், ஆம்ப்போட பவர் சப்ளை கெபாசிட்டர் கிழடு தட்டிடுச்சு போல. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போறோம்.