விலங்கும் வெள்ளிக் கிண்ணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காட்சிசாலைகள் பெரியதோர் அரசியல் விவகாரமாகிவிட்டன. 2025 மார்ச்சு 27-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த உத்தரவு, ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தில் தகாத கொள்கைகள் புகுந்துவிட்டனவென்று குற்றஞ் சாட்டி, அவற்றைக் களையும் பொறுப்பை உபஜனாதிபதியிடம் ஒப்புவித்தது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்த எட்டுக் காட்சிசாலைகள் பரிசீலனை செய்யப்படும் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. தேசத்தின் பெருமையைக் காப்பதே நோக்கம் என்கிறார்கள். இவ்வாதத்தைச் சோதிக்க, அந்நாட்டிலேயே 1992-ல் நடந்த கண்காட்சியொன்று நல்ல உரைகல்லாகும்.

பால்டிமோர் நகரிலுள்ள மேரிலாண்டு சரித்திர சங்கம் 1844-ல் தோன்றியது. அதன் சேகரத்தைப் புதிதாக அமைத்துக் காட்டும் வேலையை, ஆப்பிரிக்க வம்சத்தவரான கலைஞர் பிரெட் வில்ஸன் மேற்கொண்டார். அவர் சிலை எதுவும் வடிக்கவில்லை. சங்கத்தின் சொந்தப் பொருள்களையே எடுத்து இடம் மாற்றி வைத்தார். சித்திர வேலைப்பாடமைந்த வெள்ளிப் பாத்திரங்களின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்குகள் இருந்தன. 'உலோக வேலை, 1793-1880' என்பதே தலைப்பு. அழகிய நாற்காலிகள் சூழ்ந்து நிற்க, எதிரே சாட்டையடிக் கம்பம் ஒன்று நின்றது. நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்ஸன் ஆகிய மூவரின் சலவைக்கல் உருவங்களுக்கு அருகே மூன்று பீடங்கள் வெறுமையாயிருந்தன. அவற்றில் பொறித்திருந்த பெயர்கள் ஹாரியட் டப்மன், பிரடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானேக்கர் என்பன. இம்மூவரும் மேரிலாண்டிலே பிறந்த கறுப்பின மக்கள். முந்திய மூவரில் எவரும் அந்த ராஜ்யத்தில் பிறந்தவரல்லர்!

கலைஞர் செய்த வரிசையும் ஒருவருடைய அபிப்பிராயந்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மையே. ஆயின், வெள்ளியை மட்டும் காட்டி விலங்கை உள்ளே பூட்டி வைத்த பழைய வரிசையும் ஓர் அபிப்பிராயமே. அதனை எவரும் அப்படி அழைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். வில்ஸன் வெள்ளிப் பாத்திரத்தை அகற்றவில்லை. அதைச் செய்த தட்டானின் திறமையை மறுக்கவுமில்லை. பக்கத்தில் இன்னொரு பொருளை வைத்தார். இரண்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை காண வந்தவனுக்கே இருந்தது. சர்க்கார் கட்டளையால் களையப்படும் பொருளைப் பற்றியோ, பிரஜை எத்தீர்ப்பும் சொல்ல முடியாது. சேர்ப்பவனோடு வாதாடலாம், மறைத்ததோடு எவ்வாறு வாதாடுவது?

தேசாபிமானம் என்பது உண்மைக்கு அஞ்சுவதன்று. விலங்கைச் செய்ததும் அந்நாட்டுக் கைகள். அதை உடைக்கப் போராடியதும் அந்நாட்டு மக்களே. முன்னதை மறைத்தால் பின்னவர்களின் வீரத்துக்குக் காரணமே விளங்காமற்போம். டப்மன் அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறரையும் மீட்டு வந்தார் என்று சொல்லும்போதே, எதிலிருந்து மீட்டார் என்ற கேள்வி பிறக்கிறதல்லவா? அதற்கு விடை அந்த இரும்பு விலங்கிலேதான் இருக்கிறது. பெருமையைக் காக்க விரும்புவோர் அதனைப் பார்வையில் வைப்பதே முறையாகும்.