சார்ஜ் போடாத காருக்கு எதுக்கு சாமி சலுகை?

டிஸ்கி: பிளக்-இன் ஹைபிரிட் கார் வச்சிருக்கவங்க கையில இருக்கற கல்லைக் கீழ போட்டுட்டு முழுசாப் படிங்க. தினமும் சார்ஜ் போட்டு ஓட்டறவரா இருந்தா இந்தத் திட்டு உங்களுக்கு இல்லை.

முதல்ல இது என்ன ஜந்துன்னு பார்த்துடலாம். சாதா ஹைபிரிட்ல பேட்டரி சின்னது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதுவே சார்ஜ் ஆகிக்கும். பிளக்-இன்ல பேட்டரி பெருசு, 10லேருந்து 20 யூனிட் வரைக்கும் கரண்ட் பிடிக்கும். அதை நாமதான் பிளக்ல சொருகி ஏத்தணும். 50, 60 கி.மீ. மின்சாரத்துல ஓடும், தீர்ந்துட்டா பெட்ரோல் எஞ்சின் கை கொடுக்கும்.

வீட்டு வாசல்ல பிளக் இருக்கு, ஆபீஸ் 20 கி.மீ.ன்னா சூப்பர் வண்டி. வார நாள்ல பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். லீவுக்கு வெளியூர் கிளம்பினா சார்ஜர் தேடி அலையவும் வேண்டாம். 2010 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த செவர்லே வோல்ட்ல ஒரு ஏற்பாடு உண்டு. டாங்க்ல பெட்ரோல் ஒரு வருஷத்துக்கு மேல பழசாயிட்டா, வண்டியே எஞ்சினைக் கிளப்பி அதை எரிச்சுத் தீர்த்துடும். அந்த அளவுக்குப் பெட்ரோல் தொடாம ஓட்டற ஆளுங்க இருப்பாங்கன்னு யோசிச்சு கோட் எழுதின மகராசனுக்கு ஒரு சல்யூட் :-)

கெட்டது? எல்லாமே ரெண்டு ரெண்டு. பேட்டரி, மோட்டாரும் உண்டு. ஆயில் மாத்தற எஞ்சின், சைலன்சரும் உண்டு. சார்ஜ் தீர்ந்துட்டா அந்தப் பேட்டரி வெறும் சுமை, அதையும் சேர்த்து எஞ்சின்தான் இழுக்கணும். சில மாடல்கள்ல குளிர்ல ஹீட்டர் போட்டாலே எஞ்சின் முழிச்சுக்கும். நிறைய மாடல்கள்ல வேக சார்ஜிங் வசதியே கிடையாது.

இதெல்லாம் தெரிஞ்சு வாங்கினா அவங்கவங்க இஷ்டம். எனக்குக் கடுப்பு, இந்த வண்டியை வச்சு ஐரோப்பாவுல போட்ட கணக்கு மேல.

மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன்னை எடுத்துக்குங்க. 2013ல ஐரோப்பாவுக்கு வந்தது, எடை சுமார் 1.8 டன். இதோட அதிகாரபூர்வ மைலேஜ் 100 கி.மீ.க்கு 1.9 லிட்டர். அதாவது லிட்டருக்கு 52 கி.மீ.! நம்ம ஊர் 100 சிசி பைக்கோட மோதற மைலேஜ். எப்படி வந்துச்சு? அப்போ இருந்த விதிப்படி, பேட்டரி தீர்ந்த பிறகு நீங்க 25 கி.மீ. மட்டும்தான் ஓட்டுவீங்கன்னு ஒரு அனுமானம். பேட்டரியில 52 கி.மீ., பெட்ரோல் பூஜ்யம். அப்புறம் 25 கி.மீ., 100 கி.மீ.க்கு 5.8 லிட்டர் கணக்குல. 5.8ஐ 25ஆல பெருக்கி, மொத்த தூரம் 77ஆல வகுங்க. வந்துடுச்சா 1.9? ஒவ்வொரு 77 கி.மீ.க்கும் ஒரு தடவை நீங்க வண்டியை நிறுத்தி முழு சார்ஜ் ஏத்தினாத்தான் இது உண்மை. இப்படி ஒரு டெஸ்ட் கேஸை எழுதிட்டு எங்க ஆபீஸ்ல எவனாவது "பாஸ்"னு காட்டினா டீம் லீட் காய்ச்சி எடுத்துடுவார்.

அந்தக் கணக்கை நம்பி சலுகையை அள்ளி விட்டாங்க. கம்பெனி காரை சொந்த வேலைக்கும் ஓட்டினா, நெதர்லாந்துல அதோட விலையில ஒரு பங்கை உங்க வருமானத்தோட சேர்த்து வரி போடுவாங்க. 2013 முடியறதுக்குள்ள பதிவான இந்த வகைக் கார்களுக்கு அந்தப் பங்கு பூஜ்யம்! ஜனங்க வரிசை கட்டி எடுத்தாங்க. பின்னாடி சலுகையைக் குறைச்சு, 2017ல பெட்ரோல் காருக்குச் சமமா 22 சதவிகிதம் ஆக்கினதும் விற்பனை படுத்துடுச்சு. ஜனங்க வாங்கினது காரையா, வரிச்சலுகையையா?

ஜெர்மனியிலயும் இதே கதைதான். 50,000 யூரோ கம்பெனி கார்னா மாசம் 1 சதவிகிதம், 500 யூரோ உங்க வருமானத்துல சேரும். 2019லேருந்து பிளக்-இன்னா பாதி, 250தான். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் போட்டியான்னு யாரும் கேக்கறதில்லை. பெட்ரோலுக்கு கம்பெனி கார்டு இருக்கு. வீட்டுல போடற கரண்ட் பில்லை கிளெய்ம் பண்ணத்தான் மெனக்கெடணும். யார் சார்ஜ் போடுவான்?

விளைவைப் பாருங்க. 2022ல ஐசிசிடியும் ஃபிரான்ஹோஃபரும் வெளியிட்ட ஆய்வுல, தனியார் வச்சிருக்கற பிளக்-இன்கள் மின்சாரத்துல ஓடின தூரம் 45லேருந்து 49 சதவிகிதம். கம்பெனி கார்கள்? வெறும் 11லேருந்து 15. 2024 மார்ச்ல ஐரோப்பிய ஆணையமே, 2021ல பதிவான கார்களோட தரவை வச்சு, பிளக்-இன்களோட நிஜப் புகை சோதனைக்கூட கணக்கை விட 3.5 மடங்குன்னு ஒத்துக்கிச்சு. சாதா பெட்ரோல், டீசல் கார்கள்ல அந்த வித்தியாசம் சுமார் 20 சதவிகிதம்தான்.

"பாதி தூரம் மின்சாரத்துல ஓடினாலும் லாபம்தானேய்யா?"ன்னு கேக்கலாம். லாபம்தான், பாதிக்கு. அப்போ சலுகையும் அந்தப் பாதிக்கு மட்டும் கொடு.

"வாடகை அடுக்குமாடியில இருக்கேன், பிளக்குக்கு எங்க போவேன்?"ன்னு இன்னொரு கேள்வி. நியாயம். 100 கி.மீ.க்கு 20 யூனிட்னு வச்சுக்குவோம். வீட்டு கரண்ட் யூனிட் 35 சென்ட்னா 7 யூரோ. ரோட்டோர சார்ஜர்ல 60 சென்ட்னா 12 யூரோ. பெட்ரோல் 7 லிட்டர், லிட்டர் 1.75னா 12.25 யூரோ. கால் யூரோ மிச்சம் பிடிக்க யாரும் மழையில நின்னு கேபிள் சொருக மாட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா சொந்த வாசல் இல்லாதவருக்கு இந்த வண்டி சரிவராதுன்னு சலுகை கொடுக்கறவனுக்குத் தெரியாதா?

தீர்வு ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. 2021லேருந்து ஐரோப்பாவுல விக்கற புது பிளக்-இன்கள்ல, எவ்வளவு பெட்ரோல் குடிச்சது, எவ்வளவு தூரம் மின்சாரத்துல ஓடிச்சுங்கற கணக்கு வண்டிக்குள்ளயே இருக்கு. ஆணையத்துக்கு அந்த 3.5 மடங்கு கிடைச்சதே அந்தத் தரவுலதான். வருஷ முடிவுல அதைப் படி. மின்சாரத்துல ஓடின பங்குக்கு மட்டும் வரியைக் குறை. ஒழுங்கா சார்ஜ் போட்டவர் முழுசா வாங்கிட்டுப் போகட்டும், கேபிளைப் பிரிக்காதவர் முழு வரி கட்டட்டும். சோதனை விதியை 2025லேருந்து படிப்படியா இறுக்கறாங்க, நல்லது. ஆனா அதுவும் சராசரிக் கணக்குதான். யார் சொருகினான், யார் சொருகலைன்னு அதுக்குத் தெரியாது. வண்டிக்குத் தெரியும்.

வாங்கப் போற மக்களுக்கு ஒரே ஒரு கேள்வி: ராத்திரி வண்டி நிக்கற இடத்துல பிளக் இருக்கா? இருந்தா தாராளமா வாங்குங்க. இல்லைன்னா சாதா ஹைபிரிட்டே தேவலை, சுமையாவது மிச்சம்.

நான் சொன்னதுல உடன்பாடு இல்லாதவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க. உங்க வண்டியில மின்சாரத்துல ஓடின சதவிகிதம் எவ்வளவுன்னு சொல்லிட்டுக் கும்மினா கூடுதல் மரியாதை உண்டு :-)