விறைப்பாக நின்ற சிறுமி

சமூகப் பணியாளர் ஒரு குடும்பத்துடன் பேசுவதைப் பதிவுசெய்து, அறிக்கையாகவே எழுதித் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் பலவற்றில் பரவிவருகின்றன. மிச்சமாகும் நேரத்தில் பணியாளர் கூடுதலாகச் சிந்திப்பார் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். குறிப்பெழுதுவது எழுத்தர் வேலை என்று கருதுவோர் மட்டுமே இதை நம்ப முடியும்.

சமூகப் பணிக் கல்வி விமர்சன மறுசிந்தனை என்று அழைப்பது, செய்ததை நினைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அப்படிச் செய்யவைத்த முன்முடிவு எங்கிருந்து வந்தது, அதனால் யாருடைய குரல் அமுங்கியது என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொள்வதாகும். அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்டு ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில் செயலினூடே எழும் சிந்தனையையும் செயலுக்குப் பின் எழும் சிந்தனையையும் பிரித்துக் காட்டினார். பின்னதற்குப் பணியாளருக்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் குறிப்பேடுதான்.

அந்தக் குறுக்கு விசாரணை நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தபோது அவள் உடலில் 128 காயங்கள் இருந்தன. வளர்த்துவந்த பாட்டி முறை உறவினர் முன் சிறுமி விறைப்பாக நின்றதை, கரீபியக் குடும்பங்களில் பெரியோருக்குக் காட்டும் மரியாதை என்று பணியாளர் விளங்கிக்கொண்டார். அவளோ ஆப்பிரிக்கக் குழந்தை. பெற்றோர் வீட்டில் அப்படி நிற்கும் வழக்கமும் அவளுக்கு இல்லை. அச்சத்தை மரியாதையாக வாசித்த அந்த ஒரு பிழையைப் பற்றியே ஒரு பருவம் முழுதும் பாடம் நடத்தலாம்.

அரசு கண்ட மருந்து வேறு. விக்டோரியாவின் மரணம் குறித்த லாமிங் பிரபுவின் 2003ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை 108 பரிந்துரைகளை வைத்தது; தமிழருக்கு அது அர்ச்சனைக்கு உரிய எண், அங்கும் ஏறக்குறைய அப்படித்தான் ஓதப்பட்டது. விக்டோரியா கடைசியாக வாழ்ந்த அதே லண்டன் ஹாரிங்கே பகுதியில் 2007இல் ‘பேபி பி’ என்று அறியப்பட்ட குழந்தை இறந்தது. நடைமுறைக்குக் கட்டுப்படுவதே பணியாகிவிட்டது என்று கண்ட, குழந்தைப் பாதுகாப்பை அரசுக்காக மறுஆய்வு செய்த ஐலீன் மன்றோ, 2011இல் 15 பரிந்துரைகளோடு நிறுத்திக்கொண்டார். நூற்றெட்டிலிருந்து பதினைந்துக்கு இறங்க எட்டு ஆண்டுகள் பிடித்தன. இறங்கிய வேகத்திலேயே மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டார்கள். சமூகப் பணியாளர் தம் தொழில் பதிவைப் புதுப்பிக்க ஆண்டுக்கு இரண்டு கற்றல் குறிப்புகள், அவற்றில் ஒன்றிலாவது சக ஊழியருடன் கலந்து சிந்தித்த சான்று என்று ஒழுங்காற்று அமைப்பு இன்று கேட்கிறது. தன்னைக் கேள்வி கேட்பதை நவம்பர் இறுதிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டிய படிவமாக்கினால், படிவம் நிரம்பும், கேள்வி எழாது.

பணிச்சுமையைச் சொல்லிச் செயலிக்கு வாதாடுவோர், சுமைக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை என்பதை மறைக்கிறார்கள். ஒலிப்பதிவில் சொல் விழும். சிறுமி விறைப்பாக நின்றது விழாது. செயலி பயணப்படிக் கணக்கை எழுதட்டும். வீடு சென்று வந்த குறிப்பைப் பணியாளரே, அன்றே, தன் சொல்லில் எழுத வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டும். அதுவரை எந்த மன்றமும் இந்தச் செயலிகளுக்கு ஒரு பவுண்டும் செலவிடக் கூடாது.