கல்லுக்குக் கவசமா? காலுக்குக் கவசமா?

நமது நாட்டில் கவசம் என்ற சொல்லுக்கு இருக்கிற மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. கோயிலில் உள்ள கல்லுருவத்துக்கு வெள்ளிக் கவசம், தங்கக் கவசம், பாதம் முதல் முடிவரை அளவெடுத்துச் செய்து சாத்தப்படுகிறது. வீட்டிலிருக்கும் பக்தர்களுக்கோ வெள்ளியும் தங்கமும் வேண்டியதில்லை; வாயாலேயே கவசம் செய்துகொள்ளப் பாட்டு இருக்கிறது. கந்த சஷ்டி கவசத்தில் தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு அங்கமாகப் பெயர் சொல்லிக் காக்கும்படி கேட்கப்படுகிறது. தொடை, முழந்தாள், கணைக்கால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. பாம்பு, தேள், பூரான் விஷத்துக்கும் அதிலேயே பரிகாரம் கேட்கப்படுகிறது. இவ்வளவு கவசம் உள்ள தேசத்தில் சேற்றில் இறங்கி நெல் விளைவிக்கிறவனுடைய கால் மாத்திரம் இன்றுவரை வெறுங்காலாக இருப்பது ஏன் என்பதே இவ்வாரம் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

பாரதக் கூத்து நடக்கும் ஊர்க்காரர்களுக்குப் படுகளம் தெரியாமலிராது. மண்ணால் துரியோதனனைப் பெரிதாகச் செய்து கிடத்தி, பீமன் தொடையில் அடிப்பதாகக் காட்டுவார்கள். காந்தாரி தன் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்ததால் மகனுடைய உடம்பெல்லாம் இரும்பானதென்றும், அவன் வெட்கப்பட்டு இடுப்புக்குக் கீழே மறைத்துக்கொண்டு வந்ததால் அந்தப் பாகம் மட்டும் சதையாகவே நின்றுவிட்டதென்றும், அதனால்தான் தொடை பிளந்து செத்தானென்றும் கதை சொல்வார்கள். கதை பொய்யாகவே இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே காப்பில்லாதவன் மாய்ந்தான் என்ற பாடத்தை விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறவர்கள், விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறார்களே, அந்தப் பாடம் எங்கே போயிற்று என்று கேட்கிறோம்.

நாம் மிகைப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000; நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 160. இதில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். ஏறக்குறையப் பாதிச் சாவு மழைக்காலத்து மாதங்களில். கடிபடும் இடமோ பெரும்பாலும் பாதம், கணுக்கால், கணைக்கால். செத்தவர் கணக்கு இது. உயிர் பிழைத்தும் காலழுகி நொண்டியானவர்களும், கண்ணாடி விரியன் விஷத்தால் சிறுநீரகம் கெட்டவர்களும் இதில் சேரவில்லை.

பூம்புகார்ப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். காவிரி கடலில் கலக்கும் இடம். சுற்றிலும் நெல் வயல். நெல் இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்தில் பாம்பு இருக்கும். இதில் தெய்வக் குற்றமும் இல்லை, பூர்வ ஜன்ம வினையும் இல்லை. பாம்பு தன் இரையைத் தேடி வருகிறது. நம் கால் அதன்மேல் படுகிறது. அவ்வளவுதான் சங்கதி. எலியைத் தின்று நெல்லைக் காப்பதால் பாம்பு நமக்கு உபகாரி என்றே சொல்ல வேண்டும். ஆகவே அதைக் கொல்லவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்; அதன் பல்லுக்கும் நம் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தால் போதும்.

ஆனால் நடப்பது என்ன? பூம்புகாருக்குக் கூப்பிடு தூரத்தில் கீழப்பெரும்பள்ளத்தில் நாகநாதர் கோயில் இருக்கிறது. அது கேது ஸ்தலமாம். சர்ப்ப தோஷம் கழிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சிறிது தூரம் போனால் சகல வியாதிகளையும் தீர்க்கும் வைத்தியராகவே சுவாமி எழுந்தருளியிருப்பதாகச் சொல்லப்படும் வைத்தீஸ்வரன் கோயில். இப்படி விஷத்துக்கு ஒரு சுவாமி, வைத்தியத்துக்கு ஒரு சுவாமி என்று இரண்டு பக்கமும் காவல் இருந்தும், அந்தப் பக்கத்து வரப்பிலுள்ள விரியன் யாருடைய ஜாதகத்தையாவது பார்த்துவிட்டுக் கடிக்கிறதா? தோஷம் கழித்தவன் காலென்றும் கழிக்காதவன் காலென்றும் அதற்குத் தெரியுமா? பரிகாரத்துக்குச் செலவாகும் பணத்தில் முழங்கால் வரை வரும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினால், அது தோஷமுள்ளவனையும் காக்கும், இல்லாதவனையும் காக்கும்.

நிற்க. காலுக்குக் கவசம் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. கிரேக்கரும் ரோமரும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெண்கலத் தகடு கட்டிக்கொண்டு யுத்தம் செய்தார்கள். ஹோமர் தமது காவியத்தில் கிரேக்கர்களைக் குறிப்பிடும்போது, நல்ல கால்கவசம் உடையவர்கள் என்பதையே அடைமொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த யவனர்கள் வந்து தங்கிய பட்டினம்தான் நமது பூம்புகார் என்று சிலப்பதிகாரத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறோம். நமது வீரர் காலில் கட்டியதோ கழல். அது வீரத்துக்கு அடையாளமே தவிர வெட்டுக்குத் தடையல்ல. இன்றோ பட்டாளத்துக்காரனுக்குப் பூட்ஸ் இருக்கிறது. போலீஸ்காரனுக்குப் பூட்ஸ் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள்கூடப் பந்து பட்டால் வலிக்குமே என்று தொடைக்கும் முழங்காலுக்கும் மெத்தை கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். விளையாடுகிற காலுக்கு இருக்கிற யோக்கியதை வேலை செய்கிற காலுக்கு இல்லையா?

இல்லை என்றுதான் இந்த நாட்டு ஜாதி முறை வெகுகாலம் சொல்லிவந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கஞ் செலுத்திய ஒரு ஜாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது என்பதும், செருப்பும் குடையும் கூடாது என்பதும் அவற்றில் சேர்ந்தவை. ஹட்டன் துரை இந்திய ஜாதிகளைப் பற்றிய தமது நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார். இது ஏதோ ஒரு ஜில்லாவின் பைத்தியக்காரத்தனமல்ல. மேல் ஜாதியார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய ஊர்கள் எங்கும் இருந்தன. ஆகவே உழைக்கிறவன் கால் வெறுங்காலானது ஏழ்மையால் மட்டுமல்ல. மூடக்கூடாது என்று கட்டளையிட்டு வைத்ததாலுந்தான். தலைமுறை தலைமுறையாகத் தடுத்து வைத்துவிட்டு, இன்று “அவர்களுக்குச் செருப்பு போட்டே பழக்கமில்லையே” என்று சொல்வது, கையைக் கட்டிப்போட்டுவிட்டு அவனுக்கு நீந்தத் தெரியாது என்பதைப் போன்றதாகும்.

இனி, விவசாயத் தோழர்கள் சொல்லும் ஆக்ஷேபணையைப் பார்ப்போம். “சேற்றில் பூட்ஸ் போட்டால் கால் வரும், பூட்ஸ் வராது, வெய்யிலில் கால் வெந்துபோகும்” என்கிறார்கள். இது வாஸ்தவம். அனுபவத்தில் சொல்லுகிறதைத் தள்ளுவது பகுத்தறிவாகாது. ஆனால் விவசாயம் முழுவதும் நடவுச் சேறு மட்டுமல்லவே. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போவதும், வரப்பில் புல் அறுப்பதும், கதிர் அறுப்பதும், கட்டுத் தூக்குவதும், வைக்கோற் போர் பிடுங்குவதும் சேற்று வேலையா? பாம்பின்மேல் கால் படுவதற்கு இடமான இந்த வேலைகளிலெல்லாம் பூட்ஸ் தாராளமாக உதவும். நடவுக்கும் வழியில்லாமற் போகவில்லை. ஜப்பான் தேசத்தில் நடவுக்கென்றே, சேற்றில் கழன்றுபோகாதபடி காலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய ரப்பர் நீள்பூட்ஸ் செய்து விற்கிறார்கள். பர்மாவில் டாக்டர்கள் நெல் விவசாயிகளுக்கு விரியன் கடிக்காமலிருக்கப் பூட்ஸ் கொடுத்து, அதை அவர்கள் அணிய இசைகிறார்களா என்று ஆராய்ந்தார்கள். அங்கே யோசித்ததை இங்கேயும் யோசிக்கலாம். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நாள் முழுதும் குனிந்து நிற்கும் நடவுப் பெண்களைக் கேட்டு, அவர்கள் காலுக்கும் நமது மண்ணுக்கும் ஏற்றதாகச் செய்ய நமது பொறியியல் கல்லூரிகளால் முடியாதா?

பூட்ஸ் போட்டால் சாவே இல்லை என்று நாம் மந்திரக்காரனைப்போல் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதற்குக் கட்டிலும் கொசுவலையும்தான் கவசம். வெளியே போக டார்ச் விளக்கும் கையில் தடியும் வேண்டும். இவ்வளவுக்கும் மேல் கடித்துவிட்டால், கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும், வேப்பிலை அடிப்பதும் கூடாது. காலை அசைக்காமல் வைத்து, சீர்காழியோ மயிலாடுதுறையோ பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்தும் இருளர்கள். காட்டு ஜனங்கள் என்று இகழப்பட்டவர்களுடைய அறிவு உயிரைக் காக்கிறது; மந்திரம் சொல்லுகிறவர் காக்கும் நேரத்தையும் கடத்திவிடுகிறார்.

2024-இல் தமிழ்நாடு அரசாங்கம் பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. அவ்வாண்டிலேயே மத்திய அரசாங்கமும் 2030-க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதாகத் திட்டம் வெளியிட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் கணக்கெடுப்பதும் ஊசி போடுவதும் கடித்த பிறகு நடப்பவை. கடிக்குமுன் செய்ய வேண்டியது காலை மூடுவது. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது யந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். வயலில் நிற்பவன் அதில் சேரவில்லை. விதைக்கும் உரத்துக்கும் பணம் ஒதுக்குவதுபோல் விவசாயத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஆண்டுக்கொரு ஜோடி நீள்பூட்ஸ் அரசாங்கம் கொடுக்க வேண்டும். கூலி பேசும்போது காலுக்குக் காப்பும் சேர்த்துப் பேச விவசாயச் சங்கங்கள் முன்வர வேண்டும். நிலமுடையவர்கள், அறுவடைக்கு ஆள் தேடுமுன் அந்த ஆளின் காலைப் பார்க்கப் பழக வேண்டும்.

தோழர்களே! கல்லைப் பாம்பு கடிக்காது. கடித்தாலும் பாம்பின் பல்தான் போகும். அதற்கு வெள்ளியில் கவசம் செய்யப் பணம் திரட்டுகிற ஊர், அதே பணத்தில் எத்தனை காலுக்குக் கவசம் வாங்கலாம் என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கணக்குப் போட்ட பிறகும் கல்லுக்கே கொடுப்போம் என்றால், அடுத்த மழைக்காலத்தில் எந்த வீட்டில் அழுகுரல் கேட்டாலும், அதை விதி என்று சொல்ல அந்த ஊருக்கு யோக்கியதை கிடையாது.